எழுதிக் கொடுத்த வீட்டின் சொந்தக்காரர்

வாசகரே, வாவிக்கரை ஊர்களில் ஒருவகை மனிதர் உண்டு: கொடுத்த பொருளில் இருந்து கையை எடுக்காதவர். ஊருக்கு ஒருவராவது இருப்பார். பெரியகல்லாற்றில் அவர் பெயர் அழகரத்தினம்.

மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் ஒதுங்கிக்கொள்வது அங்கே வழக்கம். அழகரத்தினமும் மகள் இராசாத்தியின் கலியாணத்துக்கு முதல்நாள் நொத்தாரிசின் முன்னால் இருந்து, நான்கெல்லையும் வாசிக்கக் கேட்டு, கண் கலங்கி, கையெழுத்து வைத்து, மனைவி அன்னப்பூரணியோடு பின்வளவில் போட்ட ஓலைக் கொட்டிலுக்குக் குடிபோனார். படுப்பதற்கு மட்டும். விடிந்தால் முன்கதவுப் பூட்டின் திறப்பு அவர் மடியில், விறாந்தையில் அவர் சாய்மனைக் கதிரை, கிணற்றடியில் அவர் போட்ட சட்டம், மாமரத்தில் அவர் எண்ணிவைத்த காய். மருமகன் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவர்தான் சுவரைத் தட்டிப் பார்த்து இடம் காட்டவேண்டும். வீட்டின் உறுதிப் பத்திரம் எங்கே என்று மகள் கேட்டால்?

"பத்திரமா இருக்கு மனே. உனக்கென்னத்துக்கு அது?"

ஏழு வருடமாக இதே பதில்.

இராசாத்தி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தையல் மெசினை விறாந்தைக்குக் கொண்டுவர வேண்டும். சண்டைக் காலம், மின்சாரம் இல்லை, புருசன் வாவியில் வலை வீசப் பாதி நாள் தடை. அவள் தையலில்தான் அடுப்பு எரிந்தது, உள்ளறை இருட்டில் தைத்துத் தைத்து அவள் கண்ணும் எரிந்தது. தகப்பன் அசையவில்லை.

"விறாந்தை நாலு பேர் வந்து இருக்கிற இடம் புள்ள. என்ட வீட்டில அது நடக்காது."

என்ட வீடு. கேட்டீர்களா?

ஒருநாள் காலை ஊர் அலுவலரான விதானை கோணாமலை, பக்கத்து இராணுவ முகாமின் உத்தரவோடு வந்தார். ஒவ்வொரு வீட்டின் சொந்தக்காரரும் உறுதியோடு அங்கே போய், வீட்டில் இருப்பவர்களின் பெயரைக் கொடுத்துக் கையெழுத்து வைக்கவேண்டும். புது ஆள் யாரும் வந்து தங்கினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

"இந்த வீட்டுக்காரர் ஆரு?"

அழகரத்தினம் கதிரையை விட்டு எழும்பினார். பயம்தான், மறைப்பானேன்? முகாமில் என்ன கேட்பார்கள், எப்போது விடுவார்கள் என்று யார் கண்டது? கொட்டிலுக்கு ஓடினார். ஏழு வருடம் அகப்படாத உறுதி இரண்டே நிமிடத்தில் வந்தது.

"வீடு மகள்ட பேர்ல, விதானையார். எனக்கு இதில ஒரு பாத்தியமும் இல்ல."

தெருச் சனம் கேட்கத்தான் சொன்னார்.

இராசாத்தி உறுதியை வாங்கினாள், சேலை மாற்றிக்கொண்டு தெருப் பெண்களோடு முகாமுக்குப் போனாள். அவர் வாசற்கடப்பில் வழி பார்த்தபடி நின்றார். அந்தச் சில மணி நேரம் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. மத்தியானம் அவள் திரும்பி வருவதைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

"என்ன மனே கேட்டாங்க?"

"வீட்டுக்காரி ஆரெண்டு கேட்டாங்க. நான்தான் எண்டன்." உறுதியைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். "அப்பா, உங்கட கதிரையப் பின்னுக்கு எடுங்க. மெசின் வைக்கணும்."

அவர் துணைக்கு அன்னப்பூரணியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கதிரையின் ஒரு பக்கத்தைத் தூக்கியிருந்தாள்.

திருந்திவிட்டாரா? சட்டை தைக்க வருகிறவர்களிடம், மெசினை விறாந்தையில் போடச் சொன்னதே தான்தான் என்கிறார்.

உங்கள் மாமனாரை நினைத்துச் சிரிக்கிறீர்களாக்கும். தாராளமாகச் சிரியுங்கள். தம்பிக்குக் கொடுத்துவிட்ட சைக்கிளின் டயரை இன்று காலை அமுக்கிப் பார்த்தது யார்?