ஊரைக் கலைத்த பெரிய ரயர்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
04.10.1997

பனி தள்ளுவதில் பேரெடுத்தவரும் லொறிச் சக்கரங்களில் கரைகண்டவருமாகிய என் மதிப்புக்குரிய மச்சான் சோமசேகரம் அவர்களுக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா குணேஸ்வரியும் சுகம். லொறி எங்களைவிடச் சுகம். உங்கள் ஆலோசனைப்படி பெரிய ரயர் போட்டதிலிருந்து அது ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. நீங்களும் ரொறன்ரோக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாயிருப்பீர்கள். மூடியபடியே வைத்திருங்கள், அக்கா சொல்லச் சொல்ல எழுதிய இடங்களும் இதில் உண்டு.

நானும் மூதூர் மஹ்ரூப் நானாவும் கூட்டாக வாங்கிய, ஆமி கழித்துவிட்ட லொறி, போன வருசம் தம்பலகாமத்து வயலில் அச்சுவரை புதைந்ததையும், மழையில் அன்னலட்சுமி அக்காவின் நெல் சாக்குக்குள்ளேயே முளைத்ததையும் உங்களுக்கு எழுதியிருந்தேன். புருசன் இல்லாத அந்த மனுசிக்கு வருசம் முழுக்கச் சாப்பாடு அந்த நெல்தான். இந்த முறையும் மழைக்கு முன் ஏற்றிக் கொடுக்காவிட்டால் அவவின் வீட்டு வளவுக்குள் என்ன முகத்தோடு போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, உங்கள் பதில் வந்தது. “அத்தான், ரயர் சின்னன். அதுதான் பிழை. பெரிசாப் போடுங்கோ, இஞ்ச பனிக்குள்ள எல்லாரும் அப்பிடித்தான்.” ஐஸ்பெட்டிக்குள் கார் ஓட்டுகிற மனுசன் சொன்னால் எங்கள் சேற்றுக்குச் சரியாய்த்தானே இருக்கும்!

கந்தளாயில் ஸெய்னுதீனின் பழைய ரயர்க் கடைக்குப் போனோம். எங்கள் லொறியின் அளவைவிடப் பெரிய ரயரில் இரண்டு சாதி கிடந்தது. ஒன்றில் நெடுக நாலு கோடு, சாந்தமான முகம். மற்றதில் மீன்முள்ளுப்போல இரண்டு பக்கமும் சரிந்த தடித்த கட்டைகள், இடையில் கை விட்டால் விரல் மறையும்.

“சேத்துக்கு இதுதான் அண்ணன். ஆமிக்காரன் போட்டுக் கழிச்சது. கிணத்துக்குள்ள விட்டாலும் ஏறி வரும்,” என்றார் ஸெய்னுதீன்.

“நாங்க ஏன் கிணத்துக்குள்ள விடுறோம்? இதப் போட்டா மட்காட்டுல இடிக்கும். கோடு போட்டதே போதும்,” என்றார் மஹ்ரூப் நானா.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெளிநாட்டு மச்சான் பெரிசு என்று எழுதினால் இருப்பதில் பெரியதையும் முரடானதையும்தான் தூக்குவேன். தூக்கினேன். நானா சொன்னபடியே இடித்தது. சக்கரங்களுக்கு மேலிருந்த நாலு மட்காட்டையும் வாளால் அரிந்தோம். வேக முள் இருபது காட்ட லொறி இருபத்தைந்தில் ஓடுகிறது. ஏறுவதற்குக் காலடியில் கதிரை போடவேண்டும். “கோயில் தேருக்கும் ஏணி இருக்கு. உங்கட லொறிக்கு நான் கதிரைக்கு மேல கதிரையோ அடுக்கிறது?” என்று கேட்டவ உங்கள் அக்கா. பதிலை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

சனத்தின் வாகனத்துக்கு ஆமிப் பச்சை நிறம் கூடாது என்ற சட்டத்துக்காக லொறிக்கு எப்போதோ மஞ்சள் பூசி, என் பக்கக் கதவில் பிள்ளையாரும் நானாவின் பக்கக் கதவில் மாஷா அல்லாஹ்வும் எழுதியாயிற்று. கண்ணுள்ள எவனும் இதை ஆமி லொறி என்று சொல்லமாட்டான். காதுள்ளவனைப் பற்றித்தான் நானும் யோசிக்கவில்லை, நீங்களும் யோசிக்கவில்லை. தார் ரோட்டில் அந்த ரயர் போடுகிற இரைச்சல், பத்து வாகனம் தொடராய் வருவதுபோல. நேற்றுமுன்தினம் விடிய நெல் ஏற்றப் புறப்பட்டோம். பாலத்தடி ஆமிச் சென்றியில் காவல் நின்ற பொடியன் சத்தத்தைக் கேட்டுத் தடையைத் தூக்கி, விறைத்து நின்று சலூட்டும் அடித்துவிட்டான். பிறகுதான் பிள்ளையாரைக் கண்டான். அடித்த சலூட்டைத் திருப்பி எடுக்க ஏலாதே. அந்தக் கோபத்தில் எங்களை இறக்கி, நாங்கள் இருந்த சீற்றைக் கழற்றி, உபரி ரயருக்குள்ளும் குத்திப் பார்த்து, மூன்று மணித்தியாலம் வைத்திருந்தான். அதற்குள் கந்தளாய்ப் பக்கம் வானம் கறுத்துவிட்டது.

இனித்தான் உங்கள் புகழ் பரவிய இடம். முதல்நாள் பின்னேரம் வழி பார்ப்பதற்காகத் தம்பலகாமத்து வாய்க்கால்வரை ஒருதரம் போய்த் திரும்பியிருந்தோம். ஈரமண்ணில் அந்த மீன்முள்ளுத் தடம் அச்சடித்ததுபோல் கிடந்தது. இங்கே பள்ளிக்கூடம் போகாதவனும் தடம் வாசிப்பான். மாட்டு வண்டித் தடமா, உழவு மெசின் தடமா, ஆமித் தடமா என்று குழந்தைக்கும் தெரியும். கடைசித் தடத்தைக் கண்டால் எதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பற்றைக்குள் போவதென்றும் தெரியும். தடத்தைக் கண்டு பாதி ஊர் போயிருந்தது. சத்தத்தைக் கேட்டு மிச்சமும் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர அடுப்புகளில் புட்டு அவிகிறது, ஆளைக் காணோம். நெல் ஏற்ற வந்த இடத்தில் ஏற்ற ஒரு கை இல்லை.

களத்தில் மட்டும் அன்னலட்சுமி அக்கா மூட்டைகளுக்கு முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றா. “ஐயா, நெல்லைத் தொடாதேங்கோ. வேணுமெண்டால் என்னைக் கொண்டு போங்கோ.”

அந்த உயரத்திலிருந்து கீழே குதித்தேன் மச்சான். “அக்கா, நான் தம்பிராசா,” என்றேன்.

அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா, பிள்ளையாரைப் பார்த்தா, ரயரைப் பார்த்தா. “நாசமாப் போவானே! என்ர சீவன் போட்டுதடா! உனக்கு ஆர் இந்தச் சனியனைப் பூட்டச் சொன்னது?”

நான் உங்கள் பேரையும் கனடா விலாசத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

பிறகு அவ பற்றைப் பக்கம் திரும்பி, “டேய் இரத்தினசிங்கம், வெளியால வாடா! இது ஆமியில்லை, எங்கட தம்பிராசா! இவனுக்குப் பயந்து ஓடினதெண்டு வெளியில சொல்லிப்போடாதேங்கோ, வெக்கம்!” என்று கத்தினா. அவவின் பக்கத்து வளவு இரத்தினசிங்கம் முதலில் தலையை நீட்டினார். பிறகு ஒவ்வொருவராய் இடுப்பில் முள்ளுக் கிழித்த சாரத்தோடு வந்தார்கள். மழை தூறத் தொடங்கிவிட்டது. லொறியின் தட்டு தோளுக்கு மேலே. ஒவ்வொரு மூட்டைக்கும் நாலு பேர், ஒவ்வொருவர் வாயிலும் உங்கள் பேர். “அந்தக் கனடாக்காரன் வந்து ஒரு மூட்டையைத் தூக்கட்டும் பாப்பம்,” என்றார் மஹ்ரூப் நானா. எப்படியோ பத்து விதைநெல் மூட்டையை அவவின் வாசல்வரை லொறியில் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் இறக்கி, மிச்சத்தை நனையாமல் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். லொறி ஓரிடமும் புதையவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும். ஆனால் ஒரு ஊரின் சீவனைக் குடித்துக்கொண்டு வருகிற ரயர் எங்களுக்கு வேண்டாம், கழற்றிவிடுகிறேன் என்று அவர்களிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நாளைக் காலையே கழற்றி ஸெய்னுதீனிடம் எறிந்துவிட்டு, பழைய சின்ன ரயரையே பூட்டப்போகிறேன். இனி எனக்குச் சக்கரம் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் எழுதவேண்டாம்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். பத்திரகாளி அம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், ஆலோசனை சொல்ல நேரம் கிடைக்காத ஒரு வேலையையும் தரட்டும்.

உங்கள் சொல்லைக் கேட்ட பாவி,
அத்தான் தம்பிராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போது இரத்தினசிங்கம் மூச்சு வாங்க வந்தார். “அண்ணை, ரயரைக் கழட்டிப்போட்டியளோ?” “இல்லை, நாளைக்கு.” “ஐயோ, கழட்டாதேங்கோ!” முந்தநாள் இரவு நெல் கள்ளர் ஊருக்குள் இறங்கி வளவுக்கு வளவு மூட்டை தூக்கியிருக்கிறார்கள். அன்னலட்சுமி அக்காவின் வாசலில் எங்கள் தடத்தைக் கண்டதும், உள்ளே ஆமி நிற்கிறதென்று நினைத்து, தூக்கி வந்த எட்டு மூட்டையையும் ஒரு சோடிச் செருப்பையும் அங்கேயே போட்டுவிட்டு ஓட்டமாம். விதைநெல்லில் ஒரு மணி குறையவில்லை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் வாபஸ். இதைவிடப் பெரிய ரயர் உண்டென்றால் அளவை உடனே எழுதுங்கள். தங்கள் வளவையும் ஒருக்கால் சுற்றித் தடம் போட்டுவிடச் சொல்லி ஏழு வீட்டார் பேர் தந்திருக்கிறார்கள். நெல் ஏற்றத்தான் எங்களுக்கு நேரமில்லை.