பலன மலையில் ஒரு மறியல்

பதினெட்டு வருடமாக ஒரு சபதத்தைக் கட்டிக்காத்தவன் நான். வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாளே என் மைத்துனன் றொட்னி தேயிலை ஆலைக்குள் நுழைந்துவிட்டான். அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னேன். மைக் வேலை செய்யவில்லை. சபதம் வேலை செய்தது.

இப்போது அவன் மகள் நதீஷாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கம்பளை வீட்டில் நிச்சயதார்த்தமாம். எங்கள் குடும்பத்தில் மூத்த மாமன் எழுந்து நாலு வார்த்தை பேசாமல் மோதிரம் மாற்ற மாட்டார்கள். அந்த மாமன் நான். எவ்வளவு அழகான மறியல்!

மனைவி கிறேஸ் தம்பி வீட்டுக்கு அழுது இழுத்துப்போவாள் என்று முன்கூட்டியே திட்டம் போட்டேன். அன்றைக்கு அவளைக் குண்டசாலை வீட்டிலிருந்து கிளப்பி, கடுகண்ணாவைப் பக்கம் பலன மலைக்குக் கூட்டிப்போவது. கண்டி ராஜாக்களின் கோட்டை இருந்த இடம். இன்று இடிந்த கற்கள்தான். அங்கே யார் தேடி வருவார்கள்?

திங்கட்கிழமையே சொன்னேன். அவள் மறுக்கவே இல்லை. ஞாயிறு காலை பட்டுச்சேலையில் வந்து நின்றாள்.

"மலை ஏறவா பட்டு?"

"ராஜா இருந்த எடம். சும்மா சேலையில போனா மரியாதையாங்க?"

சரித்திரம் என் மனைவியைத் திருத்திவிட்டது என்று பூரித்தேன்.

உச்சியில் இருபது பேர், குடையும் பாயுமாக. எல்லாம் புதுமுகம், ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பேச்சு. இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கமும் சத்தம் கேட்டது. கிறேஸ் என் காதோடு சொன்னாள்: "பாவம், இந்தக் கல்ல யாரு சொமந்தாங்கன்னு தெரியாத சனம். நீங்கதான் சொல்லணும்."

கேட்க வேண்டுமா? கல்மேல் ஏறினேன். கல் சுமந்த தோள், கொழுந்து சுமந்த தோள் என்று இருபது நிமிடம் வெளுத்து வாங்கினேன். பத்து வருடமாகக் கிடைக்காத கைதட்டல்.

மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. றொட்னி.

"நல்லா பேசினீங்க மச்சான், மாப்பிள்ள வீட்டாளுங்களே கைதட்டிட்டாங்க. எடத்த அக்கா செவ்வாக்கெழமையே சொல்லிட்டாங்க. ஏய், மோதிரத்த எடுங்க."

"என் சபதத்த ஒடச்சிட்டியே" என்றேன் கிறேஸிடம்.

"எங்க ஒடச்சேன்? அவன் வாசலத்தானே மிதிக்க மாட்டேன்னீங்க. இங்க வாசல் எங்க இருக்கு, காட்டுங்க?"

சுற்றிப் பார்த்தேன். கோட்டை வாசல் விழுந்து எத்தனை காலமோ.

நதீஷா என் முன்னால் மண்டியிட்டாள். கை தானாக அவள் நெற்றியில் சிலுவை போட்டது. அது சங்கத்தின் முடிவல்ல, கையின் சொந்த முடிவு.

ஊர்வலம் என்றால் முன்னால் நடந்தே பழகியவன் நான். அன்று மலையிறங்கும்போது கடைசி ஆளாக வந்தேன், றொட்னி வீட்டுப் பிரியாணிச் சட்டியைச் சுமந்துகொண்டு.