எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று நீங்கள் சொன்ன சர்வர்

கொலக்கம்பை,
17 நவம்பர் 2002,
ஞாயிறு.

அன்பும் மதிப்பும் மிக்க கருணாகரன் மாமாவுக்கு ராஜப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மழையும் மிக நலம். பதினைந்து நாளாக ஊரை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்கிறது. தேயிலை விலை மட்டும்தான் படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கே நீங்களும் அத்தையும் வெயிலோடு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் நீங்கள் சர்வரைப் பற்றி "பெட்டி ஓடுதா?" என்று கேட்டதற்கு அம்மா "ஓடுதுங்கண்ணா, ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டார். எஸ்.டி.டி. மீட்டரைப் பார்த்துக்கொண்டு பேசும்போது அம்மாவுக்கு உலகத்தில் எல்லாமே நன்றாக ஓடும். நடந்தது அவ்வளவு சுருக்கமானது அல்ல என்பதால் எழுதுகிறேன்.

குன்னூரில் மூடிய தேயிலைத் தரகர் அலுவலகம் ஒன்று எங்கள் பள்ளிக்கு ஆறு கம்ப்யூட்டர்களைக் கொடுத்ததும், ஆறிலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் மாரப்பன் ஐயா, "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுங்க" என்றார். இந்த மாட்டுக்கு வயிறே இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் நீங்கள் உங்கள் பழைய லேப்டாப்பையே சர்வராக்கி, ஆறையும் இணைக்கும் நீலக் கம்பிகளோடு அனுப்பினீர்கள். அது வேலை செய்யும் விதத்தை வகுப்பில் நான் இப்படி விளக்கினேன், தவறென்றால் திருத்துங்கள். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெளியூர்க்காரருக்கு வழி தெரியாது. "தங்க எடம் இருக்குங்களா?" என்று பொதுவாகக் கேட்பார். எந்த லாட்ஜ் தரகர் முதலில் "வாங்க சார்" என்கிறாரோ அவர் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வயிறில்லாத கம்ப்யூட்டரும் விழித்தவுடன் கம்பியில் அப்படித்தான் கேட்கிறது. திரையில் புள்ளி புள்ளியாக வருவது அது கேட்டுக்கொண்டிருப்பது. சர்வர் பதில் சொன்னதும் புள்ளிகள் நின்று, மற்றதெல்லாம் கம்பி வழியாகவே வந்து சேர்கிறது.

முதல் நாள் ஆறும் அப்படியே விழித்துக்கொண்டன மாமா. வகுப்பில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். திரையில் முதலில் ஒரு வரவேற்பு வேண்டும் என்று ஐயா கேட்டதால், அவர் சொன்னபடியே நான் எழுதிச் சேர்த்தேன்: "மாணவச் செல்வங்களே, வணக்கம். கைகளைக் கழுவிவிட்டீர்களா? பெயரையும் வகுப்பையும் எழுதுக."

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், பள்ளியை நடத்தும் டிரஸ்டின் ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. இலைக்கு விலை இல்லாததால் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் போகிறார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. வரும் ஜூனில் பத்தாம் வகுப்பை நடத்துவதா மூடுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். குன்னூரில் சேரலாமே என்று அத்தை கேட்பார். அங்கிருந்து எங்கள் ஊருக்கு வரும் கடைசி பஸ் பள்ளி விடும் மணி அடிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. எனவே மூடினால் நான் கோயம்புத்தூரில் உங்கள் மாடி அறைக்கு வந்துதான் படிக்க வேண்டும். உங்கள் வீடு பிடிக்காமல் சொல்லவில்லை. கொசு ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் வாசுகி. அவள் என் பக்கத்தில் உட்காருபவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. அவளுடைய தாத்தா காலத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். இப்போது எஸ்டேட்டில் அவள் அம்மாவுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. பத்தாம் வகுப்பு இங்கே இல்லையென்றால் அவள் திருப்பூரில் பெரியம்மாவிடம் போய் பனியன் கம்பெனியில் சேர வேண்டியதுதான். எனக்குக் கோயம்புத்தூரில் மாமா இருக்கிறார். அவளுக்கு இல்லை.

இனி விபத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல் மூடாது. மேகம் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடும். அதனால் ஐயா, "எங்க வேணாலும் எடுத்துட்டுப் போலாம்னுதானே உங்க மாமா செஞ்சு குடுத்திருக்காரு? தெனமும் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ அம்முணி" என்றார். புதன்கிழமை அப்படி எடுத்து வரும்போது காற்றில் குடை மேல்பக்கம் திரும்பிக்கொண்டது. வாசுகி மழைக்குத் தலையோடு போர்த்தியிருந்த பிளாஸ்டிக் கொங்காணியைக் கழற்றிப் பையின்மேல் போட்டாள். பாதி மழையை அவள் வாங்கிக்கொண்டாள், மீதியைச் சர்வர் வாங்கிக்கொண்டது. வீட்டில் எடுத்துச் சாய்த்தபோது ஒரு மூலையிலிருந்து தண்ணீர் வந்தது. அம்மா அதைத் துடைத்து அடுப்பு மேடைக்குக் கொண்டுபோனார். அப்பா தடுத்தார்.

"ஏ வேலாமணி, அடுப்புல வெச்சா வெந்து போயிரும். ஈரத்தை எடுக்கறதுதானே எங்க பொழப்பே. எங்கிட்டக் குடு."

அப்பா வேலை செய்யும் டீ ஃபேக்டரியில் பச்சை இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். இலை வரத்து குறைந்ததில் தொட்டிகள் பாதி காலியாகத்தான் கிடக்கின்றன. அப்பா பேட்டரியைக் கழற்றி, லேப்டாப்பைப் புத்தகம்போல் விரித்துக் கவிழ்த்து, இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இலை பதமாக வாடியதா என்று கையால் பிடித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அப்பா பழக்கதோஷத்தில் லேப்டாப்பையும் பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வாடட்டும்" என்றாராம்.

வியாழன் காலையில் அது உயிர் பெற்றுவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். கம்பி வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பா அதை ஃபேக்டரி அலுவலகத்தின் கம்பியில் செருகினார். அப்போதுதான் மேனேஜர் மனுவேல் சார் வந்து தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். கைகளைக் கழுவிவிட்டீர்களா என்று அது கேட்டது. சார் ஒழுங்கானவர், போய்க் கழுவிவிட்டு வந்தார். பெயர் கேட்டது, எழுதினார். வகுப்பு கேட்டதற்கு பி.காம். என்று எழுதினார். அடுத்து அது பதினேழாம் வாய்ப்பாடு கேட்டது.

"லிங்கசாமி! என்ற இலைக் கணக்கெல்லாம் எங்கய்யா?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"தெரியலீங் சார். கொழந்தையைக் கூப்புடறனுங்."

பள்ளிக்கு ஆள் அனுப்பி என்னை அழைத்துப்போனார்கள். நான் நீலக் கம்பியைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அணைத்துத் திறக்கச் சொன்னேன். இலைக் கணக்கு ஒரு கிலோ குறையாமல் திரும்பி வந்தது. ஃபேக்டரியின் கம்ப்யூட்டர்களுக்கு வயிறு இருந்தும், விழித்தவுடன் முதலில் கம்பியில் கேட்டுப் பார்க்கும்படி யாரோ வைத்திருக்கிறார்கள். சாருக்கும் பஸ் ஸ்டாண்ட் உதாரணத்தைச் சொன்னேன். அவர், "சொந்த ஊடு இருக்கறவனுக்குப் பஸ் ஸ்டாண்டுல என்ன அம்முணி வேலை?" என்று கேட்டார். உங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஆறு திரைகளிலும் புள்ளிகள் ஓடின. புள்ளிகள் நின்று வரவேற்பு வந்தபோது அவர் தன் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, "இங்க எங்கயோ டீ போடறாங்களா?" என்று முகர்ந்தபடி கேட்டார். சர்வரில் இன்னும் ஃபேக்டரி வாசனைதான் வீசுகிறது. அவர் கேட்ட கணக்குகளை வாசுகி திரையிலேயே போட்டுக் காட்டினாள்.

"இத்தனூண்டு பெட்டியா ஆறையும் ஓட்டுது?"

"ஆமாங்க. எங்க வேணாலும் எடுத்துட்டுப் போலாங்க" என்றார் ஐயா. அவருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு முறை சொன்னார்.

கம்ப்யூட்டர் அறை இயங்கும்வரை பத்தாம் வகுப்பும் நடக்கும், பொங்கல் கழித்து இன்னொரு முறை வந்து பார்ப்பேன் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். வாசுகி வீடு வரைக்கும் குடையே பிடிக்காமல் நடந்தாள். மழை நனைக்காமல் இருக்க இனி ஐயா சர்வரைத் தம் அறை பீரோவிலேயே பூட்டி வைத்துக்கொள்வார். ஆகவே மாமா, எல்லாம் அமைதியாக முடிந்துவிட்டது. நீங்கள் லீவு போட்டு மேலே வர வேண்டியதில்லை. மாடி அறையை அத்தை விருப்பப்படி வாடகைக்கு விட்டுவிடலாம்.

அத்தைக்கு என் வணக்கங்கள். அம்மா தேயிலைத்தூள் தனியாக அனுப்புகிறார். கீழே உங்களுக்கு நல்ல தண்ணீரும் மேலே எங்கள் இலைக்கு நல்ல விலையும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மருமகள்,
லி. ராஜப்ரியா,
ஒன்பதாம் வகுப்பு.

பி.கு.: திங்கள் மாலை. இதைத் தபாலில் போடுவதற்குள் பள்ளிக்குப் போனேன். பீரோவில் சர்வர் இல்லை. சனிக்கிழமை ஆய்வாளர் ஜீப்பில் திரும்பி வந்து, இத்தலாரிலும் கூடலூரிலும் இருக்கிற டிரஸ்ட் பள்ளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று அதை எடுத்துப் போய்விட்டாராம். "எங்க வேணாலும் எடுத்துட்டுப் போலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாராம், ஐயாவால் மறுக்க முடியவில்லை. எல்லாப் பள்ளியும் சுற்றி முடிக்கப் பொங்கல் தாண்டிவிடும். ஆனால் பொங்கல் கழிந்ததுமே அவரே வந்து இங்கே கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஐயா நம்பிக்கையை விடாமல் இன்று ஆறையும் திறந்து வைத்தார். மாலை வரை புள்ளிகள் மட்டுமே வந்தன. வாசுகி அவற்றின் முன்னாலேயே நின்றிருந்தாள். "இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு ராஜி" என்றாள்.

மாடி அறையை யாருக்கும் விட வேண்டாம் மாமா. அதில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று அத்தையிடம் கேளுங்கள். கொசுவைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டாம். வாசுகி வீட்டில் திருப்பூருக்கும் கடிதம் போட்டுவிட்டார்கள். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் பின்னால் அவள் போய்விடுவாள். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதுங்கள்.