பூட்டுப் போட்ட புத்தகம்

திண்டுக்கல்லில் வெள்ளிக்கிழமை வந்தால் மல்லிகைப்பூ விலை ஏறும். இந்த வருடம் அதோடு சேர்ந்து புத்தக விலையும் ஏறியது. பதற வேண்டாம், ஊர் மக்களுக்கு வாசிப்பு நோய் எதுவும் பிடித்துவிடவில்லை. படிக்கவே கூடாத புத்தகம் ஒன்று ஊருக்குள் வந்திருந்தது. அதை வாங்கத்தான் நத்தம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு நெரிசல்.

புத்தகத்தின் பெயர் ‘புத்துயிர் நூல்’. எழுதியவர் புத்துயிர் அடிகள். இமயமலைக் குகையில் பல காலம் தவமிருந்து, இறைவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு இறங்கி வந்தவர் என்று மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். மேடைக்கு ஏறும் நாலு படிக்கே அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது. இமயமலையில் லிஃப்ட் வைத்திருப்பார்கள் போல.

நூல் செங்கல் கனத்துக்கு இருக்கும். பட்டுத்துணி சுற்றி, குறுக்கே ஒரு இரும்புப் பட்டை போட்டு, அதில் சின்னதாக ஒரு பித்தளைப் பூட்டு தொங்கும். சாவி கிடையாது. வாங்கியவருக்கு நம்பிக்கை பழுத்ததும் பூட்டு தானாகத் திறக்குமாம். அதுவரை தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் போதும், உள்ளே இருக்கும் எழுத்து தூக்கத்திலேயே தலைக்குள் ஏறிவிடும். அவசரப்பட்டு எவராவது உடைத்துத் திறந்தால் எழுத்து அத்தனையும் மறைந்துபோகும், உடைத்தவர் கண்ணும் கூடவே போகும். படிக்கிற சிரமமும் இல்லை, புரிந்துகொள்கிற சிரமமும் இல்லை. பிறகு ஏன் கூட்டம் சேராது?

இந்துக்களுக்கு மஞ்சள் துணி, கிறிஸ்தவர்களுக்கு வெள்ளை, முஸ்லிம்களுக்குப் பச்சை. மத நல்லிணக்கத்தை இவ்வளவு மலிவாக ஜவுளிக்கடையிலேயே முடித்துவைத்தவர் வேறு எவரும் இல்லை.

ஊர் எந்த ஊர் என்பதையும் கவனிக்க வேண்டும். பூட்டுக்குப் பேர்போன ஊர். அந்த ஊருக்கே வந்து சாவி இல்லாத பூட்டை விற்றுவிட்டார் மனிதர். அந்தத் துணிச்சலுக்காகவாவது ஒரு மாலை போட்டிருக்கலாம்.

வாங்கியவர்களில் வேலுசாமியும் ஒருவர். அவர் யார் என்றால், அப்பா காலத்து வெங்காய விவசாயத்தை விட்டுவிட்டு டவுனில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். சர்க்கரை நோய்க்காரர். புதுச் செருப்பு கடித்து இடது கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் போய், விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அடிகள் ஊருக்குள் நுழைந்தார். மருந்து என்பது சந்தேகத்தின் குழந்தை, சந்தேகம் இருக்கும் வீட்டில் பூட்டு திறக்காது என்றார். அன்றைக்கே வேலுசாமி ஊசியையும் மாத்திரையையும் தூக்கிக் குப்பையில் போட்டார்.

அவர் மனைவி ஒச்சம்மாளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

“ஏங்க, டாக்டரம்மா என்ன சொன்னாக? இந்த ஒத்த விரல எடுத்துட்டா காலக் காப்பாத்திரலாம்னாகல்ல? தள்ளிப்போட்டா முழங்காலோட போயிரும்னு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?” என்று அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இன்னைக்குப் பூட்டு தெறந்துரும்டி. தெறந்துட்டா விரலு தன்னால சரியாயிரும்.”

“போன வெள்ளிக்கும் இதத்தான் சொன்னீக.”

“போன வாரம் நீ ரசத்துல மாத்திரையப் பொடிச்சுப் போட்டுட்ட. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சந்தேகம் வயித்துக்குள்ள எறங்கிருச்சு. அதான் தெறக்கல.”

ஒச்சம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “அப்ப நானே தெறந்து பாத்துர்றேன். அப்படி என்னதான் இருக்குன்னு தெரியட்டும்.”

வேலுசாமிக்கு வந்ததே கோபம். “அடுத்தவன் பூட்டுல கை வைக்கிற பொழப்பாடி நம்ம பொழப்பு?”

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டேன், பூட்டைத் திறந்து கொடுங்கள் என்று எவர் வந்தாலும், அது வந்தவருடைய பூட்டுத்தான் என்று தெரிந்த ஆள் ஒருவர் சொல்லாமல் வேலுசாமி தொடமாட்டார். சொந்த மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுகூடத் திருப்பி அனுப்பியவர். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பூட்டுக்குச் சொந்தக்காரர், இந்தப் பூட்டின் சாவி ஆண்டவனிடம் இருக்கிறது என்று அடிகள் சொல்லியிருந்தார். ஆண்டவன் பூட்டில் வேலுசாமி கை வைப்பாரா? அவருடைய நேர்மையை வைத்தே அவரைப் பூட்டிவிட்டார் அடிகள்.

கடைசியில் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து மண்டபத்துக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு லூர்தம்மாள் முன் வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தாள். மகன் ரோஹித்துக்கு அரசாங்க வேலை கிடைக்க வேண்டும் என்று வெள்ளைத் துணி நூலை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள். பையன் இன்னும் பரீட்சைக்கே விண்ணப்பம் போடவில்லை என்பது வேறு விஷயம். அவளுக்குப் பின்னால் டீக்கடை முனீர் பச்சைத் துணி நூலோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் வாராவாரம் நடக்கும் அற்புதம் நடந்தது. பழனிப் பக்கம் பாலசமுத்திரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் மேடையில் மண்டியிட்டார். அடிகள் கல் பதித்த பெரிய மோதிரக் கையை அவருடைய நூலின் மேல் கொண்டுபோனார். ‘க்ளிக்’. பூட்டு திறந்து கீழே விழுந்தது.

“ஏனுங்க, எம்பட பூட்டு தொறந்துக்கிச்சுங்க! இனி எனக்கு ஒரு குறையுமில்லீங்க!” என்று அந்த ஆள் தரையில் புரண்டு அழுதார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. திறந்த நூலை ஒரு சீடன் பட்டென்று துணி போட்டு மூடித் திரைக்குப் பின்னால் கொண்டுபோனான். உள்ளிருந்து வரும் ஒளியைச் சாதாரணக் கண் தாங்காதாம். போன வாரம் திறந்ததும் அதே ஆளின் பூட்டுத்தானே என்று ஒச்சம்மாளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. போன வாரம் மீசை இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து வேலுசாமி நொண்டிக்கொண்டே மேடை ஏறி, நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடிகள் கையைக் கொண்டுவந்தார். பூட்டு அசையவில்லை. வேலுசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு உதடு துடிக்க வேண்டினார். பூட்டு அப்படியே தொங்கியது.

“மகனே, உன் இல்லத்தில் ஐயம் குடியிருக்கிறது. அது சேலை கட்டியிருக்கிறது” என்றார் அடிகள். கூட்டம் சிரித்தது. “தலைமாட்டில் ஒரு நூல் உனக்குப் போதாது. கால்மாட்டிலும் ஒன்று வை. விரலுக்கு அருகிலேயே அருள் இருக்கட்டும்.”

வேலுசாமியின் கை சட்டைப் பைக்குள் போனது. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒச்சம்மாள் எடுத்து வைத்திருந்த பணம் அதில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ அறுந்துபோயிற்று. இருக்கையை விட்டு எழுந்தவள் நேரே மண்டபத்தின் பின்பக்கம் போனாள். அங்கே அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஆத்தா, செத்த நேரம் கத்தியக் குடுங்க. இந்தா வாரேன்.”

கத்தியோடு அவள் மேடை ஏறியதும் மண்டபத்தில் கூச்சல் கிளம்பியது. அடிகள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மரணம் வெறும் மாயை என்று சற்று முன்புதான் பேசியிருந்தார்.

“பயப்படாதீக சாமி, உங்கள வெட்ட வரல” என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் மடியிலிருந்த நூலை எடுத்தாள்.

“பூட்டத் தொடாதடி!” என்று அலறினார் வேலுசாமி.

“பூட்ட யாரு தொட்டா?”

நூலைத் திருப்பினாள். மஞ்சள் துணியை விலக்கினாள். முன்பக்கம் இரும்புப் பட்டையும் பித்தளைப் பூட்டும் ஜம்மென்று இருந்தன. முதுகுப்பக்கம் வெறும் அட்டை. இத்தனை நாளும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜனமும் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

“கண் போகும்! அறுக்காதே! கண் போகும்!” என்று மைக்கில் கத்தினார் அடிகள். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். வேலுசாமி மட்டும் கறுத்த விரலோடு எழுந்து ஓடிவந்து ஒச்சம்மாளின் கண்ணைத் தன் கையால் பொத்தினார். என்ன இருந்தாலும் நல்ல மனிதர்.

“கைய எடுங்க. கண்ண மறைக்குது” என்றாள் அவள்.

கத்தி ஒரே இழுப்பில் அட்டையை இரண்டாக்கியது. தாள்கள் சரிந்து விழுந்தன. ஒளியும் வரவில்லை, புகையும் வரவில்லை. பழைய காகித வாடைதான் வந்தது. ஒச்சம்மாள் ஒரு தாளை எடுத்து, அடிகள் முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்து வாசித்தாள்.

“‘பத்தாம் வகுப்பு அறிவியல். வினா விடை உரைநூல். பழைய பாடத்திட்டம்.’”

அவள் அடுத்த தாளை எடுத்தாள். பத்தாவதில் அறிவியலில் கோட்டைவிட்டுப் படிப்பை நிறுத்தியவள் என்பதால் எழுத்துக் கூட்டாமலே வாசிப்பு ஓடியது. அந்தப் பாடத்தை அவள் எத்தனையோ முறை மனப்பாடம் செய்து பார்த்திருக்கிறாள்.

“‘கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவைச் சீராக்குகிறது. இன்சுலின் குறைவதால் நீரிழிவு நோய் உண்டாகிறது. நோயாளிக்குப் புண்கள் எளிதில் ஆறுவதில்லை. இன்சுலின் ஊசியை முறையாக...’”

அதற்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை. தாளைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஏங்க, இதத்தான் தலைக்கு அடியில வச்சுப் படுத்திருந்தீகளா? இம்புட்டு நாளும் இதுக்கு மேலயா படுத்திருந்தீக?”

வேலுசாமி அந்தத் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

அடிகள் லேசுப்பட்டவரா? சட்டென்று எழுந்து இரண்டு கையையும் உயர்த்தினார். “பார்த்தீர்களா இறைவனின் திருவிளையாடலை! சந்தேகக்காரியின் கண்ணுக்கு வேதமும் பாடப்புத்தகமாகத் தெரியும். நம்பிக்கை உள்ளவர் நூலில் இருப்பதோ வேறு!”

கூட்டத்தில் சிலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட இன்னொரு முறை ஏமாறுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் அடிகள் முன் வரிசையைக் கவனிக்காமல் பேசிவிட்டார்.

“என் நம்பிக்கையில என்னய்யா கொறை?” என்று எழுந்தாள் லூர்தம்மாள். “ஞாயித்துக்கெழம பூசைய ஒண்ணுகூட விட்டதில்ல நானு. ஒச்சக்கா, அந்தக் கத்திய இங்கிட்டுக் குடு.”

வெள்ளைத் துணிக்குள்ளும் பத்தாம் வகுப்பு அறிவியல்தான். பின்னாலேயே முனீர் தன் பச்சைத் துணியை அவிழ்த்து, கத்தியை வாங்கி அறுத்து, ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“வேலுசாமிண்ணே, எனக்கும் கணையந்தான் வந்திருக்கு!”

சிரிப்பு வெடித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கத்தி கை மாறிக் கை மாறிப் பின் வரிசை வரைக்கும் போயிற்று. பாடத்திட்டம் மாறியதும் எடைக்குப் போட்ட உரைநூலை லாரி லாரியாக வாங்கி அட்டை போட்டிருக்கிறார்கள். மூன்று மதத்துக்கும் ஒரே பாடம்.

இவ்வளவு நேரம் தாளும் கையுமாக நின்ற வேலுசாமி குனிந்து, பாலசமுத்திரத்துக்காரரின் பூட்டைத் தரையிலிருந்து எடுத்தார். ஆண்டவன் பூட்டு என்ற பயம் போனதும் பூட்டுக்காரரின் கண் திரும்பி வந்துவிட்டது. அதைக் காதருகே வைத்து ஆட்டினார். “நமக்கு வித்த பூட்டு மாதிரி இல்ல இது. லீவரே இல்ல. சாவி ஓட்டைக்குப் பின்னாடி ஒரு எழவும் இல்ல. ஒரு இரும்பு முள்ளு, ஒரு ஸ்பிரிங்கு. அம்புட்டுத்தான்.” பிறகு இடுப்பிலிருந்த கடைச் சாவிக்கொத்தை எடுத்து அடிகளின் மோதிரத்துக்கு நேரே நீட்டினார். கொத்து ‘டக்’கென்று போய் மோதிரத்தில் ஒட்டிக்கொண்டது. கல்லுக்கு அடியில் இருந்தது காந்தம்.

“சாமி, ஆண்டவன்கிட்ட இருந்த சாவி வந்து சேந்துருச்சு” என்றார் வேலுசாமி.

அடிகள் கையை உதறிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். இந்த முறை படியில் எவரும் கை கொடுக்கவில்லை, அவருக்குத் தேவைப்படவும் இல்லை. வாசல் வரை இமயமலை வேகத்தில்தான் ஓடினார். அங்கே ஆட்டோக்காரர்கள் பிடித்துப் போலீஸ் வரும் வரை உட்கார வைத்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு நூல் வாங்கியிருந்தார்கள்.

ஒச்சம்மாள் எதற்கும் நிற்கவில்லை. அவர்களில் ஒருவரின் ஆட்டோவில் புருஷனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பெருவிரலை எடுக்க வேண்டியிருந்தது. ஒத்த விரலோடு முடிந்திருக்க வேண்டியது, காத்திருந்த நாட்களுக்கு வட்டியாகப் பக்கத்து விரலும் போனது. கால் தப்பித்தது.

கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தவரைப் பார்க்க லூர்தம்மாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். வேலுசாமி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அறுபட்ட அந்த உரைநூலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். வாங்கியதற்கு முழுசாகப் படித்துவிடுவது என்று முடிவு.

லூர்தம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, சேதி தெரியுமா? வத்தலக்குண்டு ரோட்டுல புதுசா ஒரு அம்மா வந்திருக்காகளாம். சீல் வச்ச செம்புல தீர்த்தம் தாராகளாம். மூடியத் தெறக்காம வீட்ல வச்சிருந்தாலே போதுமாம், சர்க்கரை எறங்கிருமாம். தெறந்தா மட்டும் கண்ணு...”

ஒச்சம்மாள் பழம் உரிக்க வைத்திருந்த கத்தியைக் கையில் எடுத்தாள். லூர்தம்மாள் சொல்ல வந்ததை நிறுத்திவிட்டாள். வேலுசாமி கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து, போர்வையை விலக்கிக் கட்டுப்போட்ட காலைக் காட்டினார்.

“போய்த் தெறந்து பாரு தாயி” என்றார்.

திறந்து பார்த்ததால் திண்டுக்கல்லில் இதுவரை ஒருவருக்கும் கண் போகவில்லை. திறந்து பார்க்காததால் போன விரல்களைப் பார்க்க வேண்டுமானால், பூட்டுக்கடைக்கு வாருங்கள். வேலுசாமியே செருப்பைக் கழற்றிக் காட்டுவார்.