சிவப்பு ஸ்டூலும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் பெரும்பாலானவை, சாப்பிட்ட பிறகு செய்தவைதான். பசியோடு இருக்கும்போது நான் அடக்கமானவன். வயிறு நிறைந்துவிட்டால் எங்கிருந்தோ வீரம் வந்துவிடும். அன்றைக்கு என் மைத்துனன் குமார் வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

குமார் என் மனைவி தேவியின் தம்பி. ஒல்லியான ஆள், மெதுவாகத்தான் பேசுவான். எங்கள் ஈப்போ நகரில் எங்கே ஓட்டம் நடந்தாலும் போய் ஓடிவிட்டு வருவான். வாங்கிய பதக்கங்களைக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருப்பான். (எரிச்சலாக இருக்காதா?)

நான் மட்டும் லேசுப்பட்டவனா? தைப்பூசத்துக்கு எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில் வரை காவடி எடுப்பது வழக்கம். யார் எடுத்தாலும், அவருக்கு முன்னால் விசில் ஊதி, கைகளை வீசி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவது நான்தான். பதினைந்து வருடமாக அது என் பதவி. (யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வருடம் விசில் என் சட்டைப்பையில் கிடந்தது, அவ்வளவுதான்.) அந்த ஒரு நாளுக்காகவே மீதி நாளெல்லாம் அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பவன் நான்.

ஆகவே பதக்கங்களைப் பார்த்துச் சிரித்தேன். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு போகிறவனுக்கு இந்த ஓட்டமெல்லாம் ஒரு விஷயமா என்றேன். எங்கள் பரம்பரையே ரப்பர் பால்மரக் காட்டில் மைல் கணக்கில் நடந்த பரம்பரை என்றும் எடுத்துவிட்டேன். சிலிம் ரிவர் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மா, எலும்பைக் கடித்துக்கொண்டே, "நடந்தது நானு. நீ பள்ளிக்கூட பஸ்ல போன" என்றார்.

குமார் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "நீங்க காவடி தூக்கல மச்சான், விசில்தான் ஊதுறீங்க. முழு மாரத்தான் ஒண்ணு வருது, ஓடி முடிங்க. முடிச்சா நான் வாயே தொறக்க மாட்டேன். முடிக்கலனா விசில எங்கிட்ட கொடுத்திருங்க."

கூடமே என்னைப் பார்த்தது. வயிற்றிலிருந்த ஆடு என் சார்பாகச் சரி என்று சொல்லிவிட்டது.

பயிற்சிக்கு மூன்று மாதம் இருந்தது. முதல் மாதம் காலணி வாங்குவதில் போனது. இரண்டாவது மாதம் பூங்காவில் ஓடினேன். பூங்காவுக்கு எதிரில் என் நண்பர் ரஹீமின் சாப்பாட்டுக் கடை. ஓடிக் குறைத்ததை ரொட்டி சானாயில் மீட்டுக்கொண்டேன். மூன்றாவது மாதம் நேராகக் கடைக்கே போனேன்.

ஓடுவது எப்படி என்று குமாரிடம் கேட்டிருக்கலாம். வழியில் நான்கு வாய் தண்ணீர் குடித்தால் போதும் என்று சொல்லியிருப்பான். என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. நானே திட்டம் போட்டேன். எங்கள் குடும்பத்துக்கு நெடுவழி போகிறவருக்குச் செய்யும் உதவி என்றால் ஒரே ஒரு மாதிரிதான் தெரியும். காவடிக்காரர் களைத்தால் ஸ்டூல் போட்டு உட்கார வைப்போம், காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம், எலுமிச்சம்பழத்தை முகர வைப்போம், எழுப்பி அனுப்புவோம். அதே ஏற்பாட்டை மாரத்தானுக்கும் செய்தேன். ரஹீமின் வேன், எங்கள் தைப்பூச ஸ்டூல் (சிவப்பு பிளாஸ்டிக், ஒரு காலில் லேசான விரிசல்), இரண்டு பெரிய வாளி மஞ்சள் தண்ணீர், அம்மா, தேவி, பதினான்கு வயது மகள் யாழினி. எல்லோருக்கும் என் படம் போட்ட மஞ்சள் டீ-சட்டை வேறு. அதில் நான் விசிலோடு இருந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் மூன்று கிலோமீட்டர் போலீஸ் துரத்துவதுபோல ஓடினேன். குமாரையே முந்தினேன். முந்தும்போது ஒரு பார்வையும் பார்த்தேன். நான்காவது கிலோமீட்டரில் அவன் என்னைக் கடந்து போனான், பார்க்கவில்லை.

எட்டாவது கிலோமீட்டரில் வேன் நின்றிருந்தது. நான் தள்ளாடி வந்து ஸ்டூலில் விழுந்தேன். அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தார். ரஹீம் தேத்தண்ணியை நீட்டினார். தேவி பக்தியோடு ஒரு குவளை மஞ்சள் தண்ணீரை எடுத்து என் காலில் ஊற்றினாள். காவடிக்காரர் வெறுங்காலோடு வருவார், நானோ காலணியும் காலுறையும் போட்டிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். "இன்னும் ரெண்டு குவள ஊத்து" என்று நானே சொன்னேன்.

அங்கிருந்து சளக் சளக் என்ற சத்தத்தோடு ஓடினேன். எனக்குப் பின்னால் சாலை நெடுக மஞ்சள் காலடிகள். பால்மரங்களை வெட்டிவிட்டு வரிசை வீடுகள் கட்டிய பழைய தோட்டத்து வழியாகப் பாதை போனது. அங்கே வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் வேனைக் கண்டபோது ஸ்டூல் காலியாக இல்லை. எழுபது வயது இருக்கும், ஒரு சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தாராம். எட்டாவது கிலோமீட்டரில் எனக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்துவிட்டு, நான் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டிருந்த நேரத்தில் என்னைத் தாண்டி வந்து தானும் கேட்டிருக்கிறார். அவர் மட்டும் புத்தியாகக் காலணியைக் கழற்றிவிட்டு காலை நீட்டியிருந்தார். "சியோக் லா" என்று சுகத்தில் சொக்கிக் கண்ணை மூடினார். தேவி என்னைப் பார்த்து, பெரியவரு முடிக்கட்டும், கொஞ்சம் நில்லுங்க என்றாள்.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு கூட்டமே நின்றது. அங்கிருந்து இன்னும் ஆறு கிலோமீட்டர் போய், போன வழியிலேயே திரும்பி வரவேண்டிய பாதை என்பதால் இரண்டு பக்கமும் ஓட்டக்காரர்கள். தேவைப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் எங்கள் வீட்டுப் பெண்களால் இருக்கவே முடியாது. தேவி ஊற்றிக்கொண்டிருந்தாள், அம்மா எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார், ரஹீம் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார், யாழினி ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். எல்லோர் நெஞ்சிலும் என் படம். நான் முன்னால் போய், "தேவி, கால் எரியுது" என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வரிசைல வாங்க" என்றாள்.

வந்தேன். அதுதான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியாதது. என் ஸ்டூல், என் வாளி, என் மனைவி. நான் ஐந்து பேருக்குப் பின்னால் போய் நின்றேன். எதிர்ப்பக்கத்திலிருந்து குமார் திரும்பி வந்துகொண்டிருந்தான். ஒரு வாய் தண்ணீர் குடித்தான், என் மஞ்சள் காலணியைப் பார்த்தான், "கால பாத்துக்கங்க மச்சான்" என்றுவிட்டுப் போனான். சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் முறை வந்தபோது மஞ்சள் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. புதிதாகக் கலக்க ஆரம்பித்திருந்தார்கள். நின்றதில் முழங்கால் இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன.

அதற்கு மேல் நான் ஓடியதை ஓட்டம் என்று சொன்னால் பாவம். இருபத்தாறாவது கிலோமீட்டரில் ஒரு வேன் என் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. நேரம் முடிந்தவர்களைப் பொறுக்கிக்கொண்டு போகும் வேன். மலாய்க்கார ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு என் காலைப் பார்த்தார். 'பாக்சிக்' என்று மாமா முறை போட்டு, சமையல் வேலையிலிருந்து நேராக வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

திரும்பும் வழியில் எங்கள் கூட்டத்தைக் கடந்தோம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டேன். யாழினி கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தாள். தேவி குவளையை உயர்த்தி, "நீங்க போங்க, நாங்க முடிச்சிட்டு வாரோம்" என்றாள். முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அந்தச் சீனப் பெரியவர் உட்பட, அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிய பலரும் எல்லைக் கோட்டைத் தொட்டதாக இரவுச் சாப்பாட்டில் பெருமை பேசினார்கள். நான் தொடவில்லை என்பதை யாரும் தனியாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமார் வீட்டுக்குப் போனோம். நான் வேனில் ஏறவே இல்லை, நேரக் கணக்கில்தான் ஏதோ குளறுபடி என்று ஒரு விளக்கம் தயார் செய்திருந்தேன். யாழினி அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டாள். பெரிய திரையில் என் தலை வேன் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விசிலைக் கழற்றி மேசையில் வைத்தேன். பதினைந்து வருடமாக ஊதியது பித்தளை விசிலை அல்ல, என்னையே என்று அப்போதுதான் தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. குமார் விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஸ்டூல் தூக்க ஆள் வேணும் மச்சான்" என்றான்.

அடுத்த தைப்பூசத்தில் தூக்கினேன். கல்லுமலை நெருங்கும்போது, வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அதே சீனப் பெரியவர். முதலில் ஸ்டூலை அடையாளம் கண்டுகொண்டார், பிறகு தேவியை. காவடி நகர்ந்த இடைவெளியில், கேட்காமலேயே ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வாளி என் கையில் இருந்ததால் நான்தான் குனிந்து ஊற்றினேன். அவர் என் வயிற்றை அக்கறையோடு பார்த்தார். நல்ல வேலை செய்கிறீர்கள், ஆனால் நீங்களும் கொஞ்சம் ஓடிப் பழகுங்கள், உடம்புக்கு நல்லது என்று மலாயில் சொன்னார்.

முன்னாலிருந்து குமாரின் விசில் சத்தம் கேட்டது. காவடி நின்றுவிட்டது, ஸ்டூல் வேண்டும். பெரியவரை எழுப்பிவிட்டு, ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தேன். மாரத்தானில் ஓடியதைவிட அப்பா அன்றைக்குத்தான் வேகமாக ஓடினார் என்று யாழினி இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.