இரண்டு கிலோ டிரைவர்

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு, தொழிலாளர் குடும்பங்களின் சகல முன்னேற்றத்தையும் முன்னிட்டு ஒரு கொம்பியூட்டர் வழங்கப்பட்டது. வழங்கினவர்கள் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். நாங்கள் தோரணம் கட்டி, பன்னீர் தெளித்து, வந்த ஐயாமாருக்குப் பொட்டு வைத்தோம். மிச்சம் இருந்த சந்தனத்தைக் கொம்பியூட்டருக்கு வைத்தோம்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று லைட் ஓடிக்கொண்டே இருக்கும். தேர் இழுக்கிற அன்றைக்கு ஜெனரேட்டர் போட்டது மாதிரி இருக்கும்.

“மத்தத் தோட்டத்துக்கெல்லாம் சும்மா கறுப்புப் பெட்டி,” என்றார் எங்கள் தோட்டத்து வெல்ஃபெயார் ஐயா, சின்னராசா ஐயா. “நமக்குத்தான் கிராஃபிக்ஸ் கார்ட் வச்சது. இப்ப டவுன்ல இதுதான் ஸ்டைல்.”

“அது என்னத்துக்குங்கய்யா?” என்று கேட்டார் நாகலெட்சுமி அக்கா. எங்கள் கொழுந்தெடுக்கிற கேங்கில் வாய் திறந்து கேட்கிற ஒரே ஆள் அவர்தான். நாங்கள் அவருக்குப் பின்னால் நின்றுகொள்வோம்.

“படத்தத் துல்லியமாக் காட்டும்.”

“என்னா படம்?”

“அத மேலிடத்துல இன்னும் தீர்மானிக்கல.”

தீர்மானம் வரும்வரை லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் நல்லாத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போது பிள்ளைக் காம்பராவுக்கு நிரந்தரமாக ஒரு ஆள் எடுப்பதாக அறிவித்தல் வந்தது. நாங்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. அங்கே தற்காலிகமாக ஜீவராணி என்கிற பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தாள். என் சின்னவன் என் கையிலேயே ஒழுங்காகச் சாப்பிடமாட்டான், அவள் ஊட்டினால் வாயைத் திறப்பான். அவளுக்கு முன்னே வெளியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். போனைப் பார்த்தபடியே இருப்பார், பிள்ளைகள் அழுதால் போனில் சத்தத்தைக் கூட்டி வைப்பார். ஜீவராணிக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் யார் வருவாரோ என்று லயத்து வீடுகளில் தாய்மார் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம்.

இன்டர்வியூ கொழும்பிலிருந்து வீடியோவில் நடக்கும். போனில் பேசினால் செல்லாது. “அங்கீகரிக்கப்பட்ட டிஜிட்டல் நிலையத்தின் ஊடாக மட்டும்” என்று சட்டம். அந்த நிலையம் என்பது எங்கள் லைட் பெட்டிதான்.

சரி, முதலில் ஒரு தடவை பேசிப் பார்ப்போம் என்று ஜீவராணி உட்கார்ந்தாள். எலியைத் தள்ளினால் அம்புக்குறி ஒரு தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு நகர்ந்தது. வணக்கம் சொல்லி அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டால், நடுவில் கரகர, பிறகு டப் டப்.

“என்னாடி, வாய்க்குள்ள கடுகு தாளிச்சிக்கிட்டா பேசுற?” என்றார் நாகலெட்சுமி அக்கா.

சின்னராசா ஐயா பிரச்சினையை மிகவும் கவனத்தில் எடுத்துக்கொண்டார். சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது, ஆகவே குற்றம் ஸ்பீக்கருடையது என்று முடிவு செய்து, பெரிய ஸ்பீக்கராக வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு கரகரப்பு மிகவும் தெளிவாகக் கேட்டது.

“இது மெதுவா வேல செய்யுதே, என்ன செய்யலாம்?” என்று கணக்கப்பிள்ளை அழகுமுத்துவைக் கேட்டார். அழகுமுத்து அண்ணன்தான் எங்கள் கொழுந்தை நிறுக்கிறவர்.

“அதுக்குத் தோட்டத்துல சட்டம் இருக்குங்கய்யா. அரைப்பேர்.”

சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் எங்களுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம்.

“மெசினுக்குமா?”

“தோட்டத்துல வேலைக்கு நின்னா எல்லாம் ஒண்ணுதாங்கய்யா. இதுக்கு மட்டும் முழுப்பேர் போட்டா நாளைக்குக் காலையில பேர் பதியிற பெரட்டுல பொம்பளைங்க கேள்வி கேப்பாங்க.”

நியாயமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து கொம்பியூட்டருக்கு அரைப்பேர். பகல் சங்கு ஊதினதும் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். எங்களுக்கு உள்ளூரச் சந்தோசம். இவ்வளவு விலையான சாமானும் எங்களோடு சேர்ந்து அரைப்பேர் வாங்குகிறதே என்று.

ஆனால் ஜீவராணிக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் நச்சரித்ததில், நுவரெலியா ஒஃபிசிலிருந்து கொம்பியூட்டர் பார்க்கிற சுமன் சேர் வந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் படித்தவர்தான். வந்த கையோடு நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல. இது கிராஃபிக்ஸ் கார்ட் டிரைவர்ல உள்ள பிரச்சின.”

டிரைவர் என்பது ஒரு சின்ன ப்ரோகிராமாம். படம் காட்டுகிற கார்டுக்கு வேலை சொல்வது அதுதானாம்.

“பழைய டிரைவர் ஒண்ணு கெடக்கு. அத எடுக்காம மேலால புதுசு ஒண்ணப் போட்டிருக்காங்க. ரெண்டும் சேந்து மெசினப் போட்டு இழுக்குது. அது முடியுற வரைக்கும் சத்தம் காத்துக் கெடந்து துண்டு துண்டா வருது.”

“ஒரு கேங்குக்கு ரெண்டு கங்காணி,” என்றார் நாகலெட்சுமி அக்கா. “ஒருத்தரு மேல ஏறுங்கறாரு, இன்னொருத்தரு கீழ எறங்குங்கறாரு. நாங்க நடுவுல நின்னு வெத்தல போடுவோம்.”

“அதேதான். எல்லாத்தையும் எடுத்துப்போட்டுட்டு, சரியானது ஒண்ண மட்டும் போட்டா சரி.”

ஜீவராணியின் முகம் மலர்ந்தது. “அப்ப எடுத்துருங்க சேர்.”

“எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல தங்கச்சி. டிரைவர் போடத்தான் என்ன அனுப்பியிருக்காங்க.”

“இன்னும் ஒண்ணு போட்டா பிரச்சின கூடத்தானே செய்யும்?”

“கூடும். ஆனா வந்துட்டு ஒண்ணும் போடாமப் போனா நான் எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க.”

போட்டார். லைட் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்தார். ‘கீழ்ப்பிரிவு மக்களின் நீண்டகாலப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று அது ஃபேஸ்புக்கில் வந்தது. நாங்களும் லைக் போட்டோம். அதைப் பார்த்துவிட்டு வேறு வேறு ஒஃபிஸ்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு டிரைவர் போட்டார்கள், ஆளுக்கொரு போட்டோ எடுத்தார்கள். கடைசியில் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு மலைக்கு ஏறினால், முதல் நிறுவைக்கு வரும்போதுதான் அது கண் விழிக்கும்.

இன்டர்வியூவுக்கு முதல் நாள், எடுக்கிற அதிகாரம் உள்ள பிரிவிலிருந்து தனுஜா மிஸ் வந்தார். சுமன் சேரும் கூட வந்தார்.

“எடுக்கலாம். ஆனா எடுத்த சாமான ஸ்டோர்ல ஒப்படைக்கணும்,” என்றார் மிஸ்.

“மிஸ், அது கையில பிடிக்கிற சாமான் இல்ல,” என்றார் சுமன் சேர்.

“கையில பிடிக்க முடியாட்டி நிறை போட்டாப் போதும். எடுக்கிறதுக்கு முன்ன ஒருக்கா நிறுப்போம், எடுத்த பிறகு ஒருக்கா நிறுப்போம். வித்தியாசம்தான் டிரைவர்.”

இதில் யாராலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொம்பியூட்டரைத் தூக்கிப் போனோம். கொக்கித் தராசில் பெட்டியை மாட்ட முடியாததால் கொழுந்துச் சாக்குக்குள் போட்டுத் தொங்கவிட்டோம். முதல் நிறையைத் தனுஜா மிஸ் தன் கண்ணாலேயே பார்த்து எழுதினார். திரும்பக் கொண்டுபோய் வைத்து, சுவிட்சைப் போட்டு, அது விழிக்கக் காத்திருந்தோம். அது விழிக்கிறதுக்குள் பகல் சங்கு ஊதிவிட்டது. அரைப்பேர் ஆள் இல்லையா? அழகுமுத்து அண்ணன் வயரைப் பிடுங்கிவிட்டார்.

“எனக்கு வாகனம் போயிரும். ரெண்டாவது நிறையப் போடுங்க,” என்றார் மிஸ்.

இந்தத் தடவை அழகுமுத்து அண்ணன் நிறுத்தார். பழக்க தோசம், சாக்குக்கும் தண்ணிக்கும் என்று எங்கள் கொழுந்தில் கழிக்கிற மாதிரியே கழித்துவிட்டுத்தான் நிறையைச் சொன்னார்.

“ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு!” என்றார் மிஸ். “டிரைவர் எடுபட்டிருக்கு.”

“மிஸ், நான் இன்னும் எடுக்கவே இல்லயே,” என்றார் சுமன் சேர்.

“அப்ப தராசு பொய் சொல்லுதா?”

அந்தத் தராசு பொய் சொல்லும் என்று எங்கள் லயத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். ஆனாலும் வெளியாள் முன்னால் நம்ம தராசை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாகலெட்சுமி அக்காகூட மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இரண்டு கிலோ டிரைவர் வெற்றிகரமாக அகற்றப்பட்டது’ என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மிஸ் போனதும் ஜீவராணி அழாத குறையாகக் கேட்டாள். “சேர், நாளைக்குக் காலையில இன்டர்வியூ. இப்பவாவது உண்மையா எடுத்துருங்க.”

“எடுத்தாச்சின்னு எழுதின பொறகு எடுத்தா, அது களவு தங்கச்சி.”

மறுநாள் ஜீவராணி சேலை கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். திரையில் மூன்று பெரியவர்கள் தெரிந்தார்கள். நடுவில் இருந்தவர் ஏதோ கேட்டார். “பிள்ளைக் காம்பரா” என்பதும் “குறை” என்பதும்தான் எங்களுக்கு விளங்கியது, மற்றதெல்லாம் கரகர.

ஜீவராணி மறைக்கத் தெரியாத பிள்ளை. “கூரை ஒழுகுதுங்க சேர்,” என்றாள். “பிள்ளைங்க படுக்கிற எடத்துல தண்ணி நிக்குது. பால்மா வந்து ரொம்ப நாளாச்சி. கக்கூஸுக்குக் கதவில்ல. எத்தனையோ தடவ சொல்லிட்டோம், ஒருத்தரும் காதுல வாங்கல.” கேட்காமல் போய்விடுமோ என்று இன்னொரு முறை கத்தியும் சொன்னாள்.

சின்னராசா ஐயா தலையில் கை வைத்தார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேட்கவில்லை என்று முதலில் சொல்கிறவர் யார்? ஒருவர் தலையாட்டினார். அதைப் பார்த்து மற்றவரும் ஆட்டினார். நடுவில் இருந்தவர் கை இரண்டையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டு, “ஹொந்தய், ஹொந்தய்,” என்றார், சிங்களத்தில் நல்லது நல்லது என்று.

வேலை கிடைத்துவிட்டது! தெளிவான பேச்சு, நல்ல மனப்பாங்கு, குறை கூறாத தன்மை என்று சொல்லிப் புள்ளி போட்டிருந்தார்களாம். அன்றைக்கே உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில், நாகலெட்சுமி அக்காவின் தங்கச்சி மகள் ஷாமிலாவும் இதே வேலைக்கு இன்டர்வியூ போனாள். அவர்களுடையது சும்மா கறுப்புப் பெட்டி, சத்தம் கண்ணாடி மாதிரி. அவளும் அங்கே கூரை ஒழுகுகிறது என்றுதான் சொன்னாள். மனப்பாங்கு சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அந்தத் தோட்டத்து ஆட்கள், எங்களுக்கு மட்டும் ஏன் கரகரக்காத மெசின் என்று கேட்டு ஒருநாள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்.

ஜீவராணிக்கு நிரந்தரமானதும் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. முதல் வேலையாகத் தாய்மார் கூட்டம் ஒன்று கூப்பிட்டாள். கூட்டம் என்றால் டிஜிட்டல் நிலையத்தில்தான் நடத்த வேண்டுமாம், மைக்கையும் அந்தப் பெட்டியில்தான் கொழுவ வேண்டுமாம். அவள் நெடுநேரம் பேசினாள். எங்களுக்குக் “கூரை” கேட்டது, “ஞாயித்துக்கெழம” கேட்டது. கடைசியில் “சரிதானே அக்கா?” என்றாள். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். நாகலெட்சுமி அக்கா கையும் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சாமான் வாங்கக் குடை பிடித்துக்கொண்டு கடைப்பக்கம் இறங்கினோம். பிள்ளைக் காம்பராக் கூரையில் சாத்தின ஏணியில், ஒற்றைத் தகரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜீவராணி மட்டும் நனைந்துகொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. குடைக்குள்ளிருந்தே எல்லாரும் நல்லாத் தலையாட்டிவிட்டு நடந்தோம்.

“நல்ல பிள்ள,” என்றார் நாகலெட்சுமி அக்கா. “எவ்வளவு தெளிவாப் பேசுது பாரு.”