எஞ்சினுக்கு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி

வீட்டில் தனியாக விடப்பட்ட ஆண்களில் சிலர் சமைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் இணையத்தில் கார் சாமான் வாங்குகிறார்கள். நான் எந்த வகை என்பது எங்கள் ஊரான போலகத்தின் கூரியர்காரருக்குத் தெரியும்.

என் மனைவி வசந்தி அரசுப் பள்ளி ஆசிரியை. காரைக்காலிலிருந்து அவளை ஏனாமுக்கு மாற்றினார்கள். (நிர்வாகத்துக்கு அது ஒரே புதுச்சேரி. நிலத்தில் அது ஆந்திராவில், கோதாவரிக் கரையில் இருக்கிறது.) மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். வீட்டில் நானும், பொழுதுபோக்காக நான் சேகரிக்கும் காரைக்கால் வரலாறும் மிஞ்சினோம். எந்தப் பழைய கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது என்று தேதியோடு சொல்லுவேன். கேட்கத்தான் ஆளில்லை. கொஞ்ச நாளில் குக்கரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அதுவாவது விசில் அடித்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது: பழைய காரை வேகமான காராக்கிவிட்டால் ஏனாம் பக்கத்தில் வந்துவிடும். (இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்று அது விஞ்ஞானமாகத் தெரிந்தது.) சென்னையில் எஞ்சின் ட்யூனிங் செய்யும் இளைஞர் ஒருவரைப் பிடித்தேன். பெரிய ஏர் ஃபில்டர், அகலமான காற்றுக் குழாய், புது சைலன்சர் எல்லாவற்றையும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்தால், அதற்குத் தக்கபடி எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திருத்தித் தருவதாகச் சொன்னார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரச் சொன்னார். அன்றே ட்யூன், மறுநாள் ஏனாம், விடிந்தால் வசந்தி கையால் எண்ணெய்க் குளியல். முந்தைய தீபாவளிக்கு எனக்கு நானே எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். முதுகு எட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் தனித்தனி டிபன் டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது, என்றைக்குக் கழற்றியது என்று எழுதி ஒட்டினேன். சைலன்சரை மாட்டிவிட்டுக் காற்றுக் குழாயில் பாதி வேலையில் இருந்தபோது வசந்தி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"காருக்கு அடியில."

"மணி நாலரை ஆவப்போவுது. ஞாயித்துக்கெழம ராவுகாலம். எந்திரிச்சு வெளிய வாங்க."

"வேலை பாதியில நிக்குது."

"அது நிக்கட்டும். ஒண்ணுன்னா ஓடி வர அங்க யாரு இருக்கா?"

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வெளியே வந்தேன். திறந்திருந்த குழாய்க்குள் பல்லி புகுந்துவிடக் கூடாதே என்று பீரோவைத் திறந்தேன். விசேஷ வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணிகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. (யாரும் தைப்பதில்லை. அடுத்த விசேஷத்தில் இன்னொருவருக்குப் போய்விடும்.) ராணிக் கலரில் ஒன்றை எடுத்து அடைத்தேன். ராகு காலம் முடியும்வரை பேசினோம். அந்த மகிழ்ச்சியிலேயே திரும்பிப் போய் மிச்சத்தையும் மாட்டினேன். எல்லா டப்பாவும் காலி, ஒரு திருகுகூட மிச்சமில்லை. துணிக்குத்தான் டப்பா இல்லை.

சென்னைக்குப் புறப்பட்டபோது கார் முக்கி முனகித்தான் நகர்ந்தது. சிதம்பரம் தாண்டி ஒரு வைக்கோல் லாரி என்னை முந்திப் போனது. அதன் ஓட்டுநர் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார். நான் ரகசியம் தெரிந்தவன் போலச் சிரித்தேன். ட்யூன் இன்னும் ஆகவில்லையே!

பட்டறையில் பவரை அளக்கக் காரை உருளைகள்மேல் ஏற்றி ஓடவிட்டார்கள். அந்த இளைஞர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புதுசில் இருந்த பவரில் பாதிகூட இல்லையாம். மத்தியானம் முழுக்க ஒயர் ஒயராகத் தேடினார். கடைசியில் காற்றுக் குழாயைக் கழற்றிக் கையை விட்டு இழுத்தார். ராணிக் கலர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. திருநள்ளாறு உங்க ஊர்ப் பக்கந்தானே? அங்க குளத்துல துணிய விட்டுட்டு வருவாங்கல்ல, அந்த மாதிரி எதாச்சும் வேண்டுதலா?"

கிழிந்த நூல் உள்ளே போயிருக்கலாம், எஞ்சினைத் திறந்து பார்க்காமல் ஓட்டக் கூடாது, வேலை தீபாவளிக்கு அப்புறம்தான் என்றார். காரை விட்டுவிட்டுத் துணியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பண்டிகைக் கூட்டத்தில் ஒரு நாள் ஸ்டேஷனிலேயே போய்விட, கிடைத்த ரயிலில் நின்றும், கிடைத்த பஸ்ஸில் தொங்கியும் ஏனாம் சேர்ந்தபோது தீபாவளி நண்பகல். வசந்தி விடிகாலையிலேயே தனியாகக் குளித்துவிட்டிருந்தாள். வாசலில் நின்ற என்னையும், கார் இல்லாத தெருவையும் பார்த்தாள். துணியை நீட்டி நடந்ததைச் சொன்னேன். விரித்துப் பார்த்தாள்.

"ஒங்க அக்கா மவ வளைகாப்புல வச்சுக் குடுத்தது. நல்ல துணி. போன எடந்தான் சரியில்ல." ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க, முதுகக் காட்டுங்க."

பிறகு கார் சரியானது, வேகமாகவும் போகிறது. ஏனாம் மட்டும் அதே தூரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது யார் எந்தப் பயணம் புறப்பட்டாலும் மகள் பெங்களூரிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாள். வசந்தி தினமும் கேட்கிறாள். அடுப்பை அணைத்தாயிற்றா, கொல்லைக் கதவைச் சாத்தியாயிற்றா என்று விசாரித்துவிட்டு, கடைசியாக:

"துணிய எடுத்துட்டீங்களா?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. சொன்னால் போனை வைத்துவிடுவாள்.